எழுதப் புறப்பட்ட பிள்ளைக்கு வழியில் சோறு உண்டா?

மாணவப் படைப்பாளிகளுக்கான கல்லூரி உதவித்தொகை: மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

மாசி, பங்குனி மாதங்களில் மரக்காணத்து உப்பளங்களின் வேலைநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கழியிலிருந்து ஏற்றிய நீர் பாத்தி பாத்தியாக மாறி, மாறுந்தோறும் அடர்த்தி கூடி, கடைசிப் பாத்தியில் வெண்பொருக்காகப் படிந்து நிற்க, நீண்ட காம்புள்ள பலகையால் அதை வரப்போரம் வாரி ஒதுக்குவோரும், ஈரம் சொட்டும் உப்பைத் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டு செல்வோரும் விடியலின் மங்கலில் நிழலுருக்களாகத் தெரிகின்றனர். அதே வேளையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பேருந்துகளில், அவ்வீடுகளின் பிள்ளைகளும், தெற்கே அனுமந்தை, கூனிமேடு, பொம்மையார்பாளையம், பெரிய முதலியார்சாவடி ஆகிய ஊர்களின் மீனவர், கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் தோளில் பையும் கையில் செல்பேசியுமாகக் கல்லூரிக்குப் போகின்றனர். அந்தச் செல்பேசிகள் சிலவற்றில் வகுப்புப் பாடத்தோடு கவிதைகளும் பாதியில் நின்ற கதைகளும் இருக்கக்கூடும். ஆனால் இவர்கள் நிரப்பும் உதவித்தொகைப் படிவங்களில் அவற்றைக் குறிப்பதற்கு ஒரு கட்டம் கிடையாது.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் நடைமுறைக்கு வந்தபின், உதவித்தொகை என்பது தமிழகத்தின் ஏழை வீடுகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவர் கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்கிறது. அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்க்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. கல்லூரி வாசல்வரை பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையில் தமிழ்நாடு பெருமளவு வென்றிருக்கிறது. வாசலைத் தாண்டிய பின், எழுதும் திறன் உடைய ஒரு மாணவரை எழுத்தாளராக வளர்ப்பதற்கு இச்சமூகம் என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

இந்தக் கரையின் பழைய சான்று

இக்கேள்விக்கு இந்தக் கரையிலேயே மிகப் பழையதொரு விடை இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன், திண்டிவனத்தையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் உள்ளடக்கிய ஓய்மாநாட்டை ஆண்டவன். அந்நூலைப் பாடிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே அண்டையில் உள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்தவர். அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை நகரை இன்றைய மரக்காணத்தோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் காண்கின்றனர். ஆற்றுப்படை என்பது, வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு, எங்கே போக வேண்டும், எவ்வழி போக வேண்டும், யாரைக் காண வேண்டும் என்று சொல்லி அனுப்பும் செய்யுள் வகை. இன்றைய மொழியில் சொன்னால், உதவி பெற்ற ஒருவர் அடுத்தவருக்குச் செய்யும் பரிந்துரை.

269 அடிகள் கொண்ட அப்பாட்டில் இரண்டு செய்திகள் இங்கு கருதத்தக்கவை. முதலாவது, வறுமையின் சித்திரம்: பாணனின் அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்க, குப்பையில் முளைத்த கீரையைப் பறித்துவந்த மனைவி, உப்புக்கும் வழியின்றி அதை வேகவைத்து, பிறர் கண்ணில் படாமல் இருக்கக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகள் சென்ற நாட்டைப் பாடும் நூலிலேயே உப்பில்லாத உணவும் இடம்பெறுகிறது. இரண்டாவது, விருந்தின் சித்திரம்: அரண்மனையில் நல்லியக்கோடன் தரும் பரிசில் கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்பே எயிற்பட்டினத்தின் பரதவர் வீட்டில் சுட்ட மீனும், வேலூரின் எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரின் உழவர் வீட்டில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என்று பாணனுக்குச் சொல்லப்படுகிறது. நடந்து சேர்வதற்குள் பசியால் விழுந்துவிடுபவனுக்கு அரண்மனைப் பரிசு பயன்படாது என்பதை அப்புலவர் அறிந்திருக்கிறார்.

கற்றவனுக்கு எந்த நாடும் அயல்நாடன்று, ஆகவே அவனுக்கு ஆற்றுணா, அதாவது வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, வேண்டியதில்லை என்பது பழமொழி நானூறு கூறும் கருத்து. அது கற்று முடித்தவனுக்குப் பொருந்தும். கற்றுக்கொண்டிருப்பவனுக்கு ஆற்றுணா இன்றியமையாதது. இன்றைய இலக்கிய ஆதரவு முறைகளின் குறையை இந்த ஓர் அளவுகோலால் அளக்கலாம்: அரண்மனைகள் சில உண்டு, வழியில் சோறு இல்லை.

பெட்டிச் செய்தி 1: எந்த வயதில் என்ன கிடைக்கிறது?

• பள்ளிப் பருவம்: பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ ஆகிய மாணவர் இதழ்கள், 2022 முதல் கலைத் திருவிழா.

• 11ஆம் வகுப்பு: தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 2022 முதல் ஆண்டுதோறும் 1,500 மாணவர்க்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு.

• கல்லூரிப் பருவம்: தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்டக் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள். முதல் மூன்று பரிசுகள் 10,000, 7,000, 5,000 ரூபாய். ஒரு முறை மட்டும் வழங்கப்படுபவை.

• 30 வயதுக்குள்: பிரதமரின் யுவா திட்டம், 2021 முதல். தேர்வானவர்க்கு ஆறு மாதங்களுக்கு மாதம் 50,000 ரூபாய்; பொருளை அரசு வரையறுக்கும்.

• 35 வயதுக்குள்: சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார், 2011 முதல். அச்சான நூலுக்கு 50,000 ரூபாய்.

• அதன் பின்: சாகித்திய அகாதெமி உள்ளிட்ட பெரிய விருதுகளைப் பெற்றவர்க்குத் தமிழக அரசின் கனவு இல்லம், 2021இல் அறிவிக்கப்பட்ட, 5 லட்ச ரூபாய் கொண்ட இலக்கிய மாமணி விருது.

ஏழ்மைக்கு ஒரு படிவம், திறமைக்கு வேறொரு படிவம்

தமிழ்நாட்டில் உதவித்தொகை என்று வழங்குவதை இலங்கைத் தமிழர் புலமைப்பரிசில் என்பர். ஒரு சொல் பெறுபவரின் தேவையைச் சுட்ட, மற்றது அவருடைய தகுதியைச் சுட்டுகிறது. எழுதும் மாணவர்க்கு வேண்டியது இவ்விரு பொருளும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் ஏற்பாடு. கிடைப்பதோ இரண்டும் தனித்தனியாக. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்கும் திட்டங்கள் விண்ணப்பிப்பவர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்பதில்லை. எழுத்தைப் பார்த்துத் தரும் பரிசுகள் அவர் அன்று காலை சாப்பிட்டாரா என்று கேட்பதில்லை.

திறமையை அளப்பதாகச் சொல்லும் ஏற்பாடுகளிலும் அளவுகோல் எது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வின் நோக்கம் பாராட்டுக்குரியது. ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் மட்டுமே மதிப்பு என்று நம்பப்படும் காலத்தில், தமிழில் தேர்ந்தவருக்கு அரசு மாதந்தோறும் பணம் தருகிறது. ஆயினும் அத்தேர்வு 10ஆம் வகுப்புப் பாடத்திட்டத்தை ஒட்டி, நான்கு விடைகளுள் சரியானதைத் தேர்ந்து வட்டத்தைக் கருமையாக்கும் முறையில் நடைபெறுகிறது. ஒரு செய்யுளை இயற்றியவர் யார் என்று அறிந்த மாணவரை அது அடையாளம் காணும்; செய்யுள் இயற்றக்கூடிய மாணவரை அடையாளம் காண அந்த வட்டத்துக்கு வழியில்லை.

ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்க்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கும் உதவித்தொகை, வயதாலும் காலத்தாலும் ஏறக்குறைய சரியான வடிவம் கொண்டது. செவ்வியல் இசை, நடனம், நாடகம், ஊமைநாடகம், காண்கலை, நாட்டார் கலைகள் என்று விரியும் அதன் துறைப் பட்டியலில் இலக்கியம் இல்லை. மிருதங்கம் பழகுபவருக்குக் குருவும் காலமும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் அரசு, கதை பழகுபவருக்கு அவை வேண்டியதில்லை என்று கருதுவதைப் போல இருக்கிறது அந்த விடுபாடு.

உயர்கல்வியிலும் இதே முரண் தொடர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை, 2023இல் திருத்தப்பட்டபின், மாதம் 37,000 ரூபாய். தமிழ் நாவல்களை ஆராயும் மாணவர் அதைப் பெறலாம். ஆராயப்படும் நாவலை எழுத முனையும் மாணவருக்கு அதற்கு இணையான எதுவும் இல்லை. ஆய்வுக்குத் தரும் தொகை மிகை என்பதன்று இதன் பொருள். இலக்கியத்தைப் பற்றிய அறிவை உழைப்பாக ஏற்றுக்கொண்ட அமைப்பு, இலக்கியம் ஆக்குவதை இன்னும் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே எண்ணுகிறது என்பதுதான்.

பருவமும் பரீட்சையும்

இக்குறையின் விளைவுகளைக் காண மரக்காணம் கரையின் ஆண்டு நாட்காட்டியைக் கல்லூரியின் நாட்காட்டியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது போதும். உப்பு விளையும் பருவம் தை தொடங்கிப் புரட்டாசி வரை நீள, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியைக் கருதியே, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. ஆனால் முதல் பருவத் தேர்வும் தேர்வுக் கட்டணமும் வருவது அந்த மாதங்களில்தான். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. அதன் வாலைப் பிடித்தாற்போல் கல்லூரிச் சேர்க்கை தொடங்குகிறது. வீட்டில் பணம் வற்றும் காலமும் கல்லூரி பணம் கேட்கும் காலமும் இக்கரையில் ஒன்றோடொன்று மோதுகின்றன.

இந்த இடைவெளியை மாணவர்கள் தங்கள் நேரத்தை விற்று நிரப்புகின்றனர். பெரிய முதலியார்சாவடியைச் சுற்றிய ஆரோவில் பகுதியும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறைந்தவை. மாலைநேர, வாரயிறுதி வேலைகளுக்கு அங்கே ஆள் தேவை எப்போதும் உண்டு. பகுதிநேர வேலை இழிவன்று. எழுத்துக்கு அது உரமாகவும் அமையலாம். வீரபாண்டியன் எழுதி 2015இல் யுவ புரஸ்கார் பெற்ற ‘பருக்கை’ நாவலின் களமே, படிப்புச் செலவுக்காகத் திருமணப் பந்திகளில் பரிமாறச் செல்லும் கல்லூரி விடுதி மாணவர்களின் வாழ்க்கை. ஆனால் அந்த வெற்றியைக் கொண்டு வறுமையே நல்ல எழுத்தை உண்டாக்கும் என்று முடிவு கட்டுவது பிழை. பந்தியில் இலை எடுத்துவிட்டு வந்து நாவல் எழுதியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரிகிறார். இலை எடுத்த களைப்பில் எழுதாமல் உறங்கிப்போனவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பெண் மாணவர்க்கு இந்தச் சுமை இருமடங்கு. கல்லூரியிலிருந்து திரும்பியதும் வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல், பட்டம் முடிந்ததும் திருமணப் பேச்சு என்று நெருக்கும் சூழலில், எழுதுவதற்கென்று ஒரு மணி நேரம் கேட்பதே வீட்டில் ஒரு விண்ணப்பமாகிவிடுகிறது. “எழுத்து சோறு போடுமா?” என்ற கேள்வியை வீடு கேட்கும்போது, மாதந்தோறும் எழுத்தின் பெயரால் வங்கிக் கணக்கில் சேரும் ஒரு தொகை, அது சிறியதேயானாலும், விடையாக நிற்கக்கூடும். பணத்தின் மதிப்பைவிட அது தரும் உரிமையின் மதிப்பு பெரிது. துப்புரவுத் தொழிலாளியின் மகளான மலர்வதி, ‘தூப்புக்காரி’ நாவலுக்காக 2012இல் யுவ புரஸ்கார் பெற்றது, விளிம்பிலிருந்து வரும் பெண்ணின் எழுத்து எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்குச் சான்று. ஆனால் அந்த விருதும் நூல் அச்சான பின்னரே வந்தது.

மூன்றாவது விளைவு மொழியின் மேலும் ஊரின் மேலும் விழுகிறது. தமிழில் உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் கூறும் பெயர்பெற்ற நாவல்களான ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’, ஸ்ரீதரகணேசனின் ‘உப்பு வயல்’ ஆகிய இரண்டும் தூத்துக்குடிக் கரையைக் களமாகக் கொண்டவை. நடுநாட்டின் சொல்வளத்தை அகராதியாகவே தொகுத்துத் தந்த கண்மணி குணசேகரன் போன்றோர், உள்நாட்டுச் செம்மண்ணின் முந்திரிக்காட்டு வாழ்வை இலக்கியமாக்கியுள்ளனர். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த மரக்காணத்து அளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியும், கடலரிப்பில் மணலை இழந்துவரும் மீனவக் குடியிருப்புகளும், அங்கேயே பிறந்தவர்களின் கையால் எழுதப்பட இன்னும் நிறைய இருக்கிறது. ஒரு கரையின் பிள்ளைகள் எழுத நேரமின்றிப் போனால், அக்கரையின் சொற்கள் அவர்களோடு வேலைக்குப் போய்விடுகின்றன.

தலைப்பைக் கொடுத்தவன் கவிதையை எடுத்துக்கொள்கிறான்

பணம் வந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியமானது. மாணவர்க்கான போட்டிகள் பெரும்பாலும் முன்கூட்டியே தலைப்பை வரையறுத்து, ஒரு மேடையில், சில மணி நேரத்துக்குள் எழுதச் சொல்பவை. தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டியவை எனில், புகழ்ச்சியே எதிர்பார்க்கப்படும் வடிவம். அத்தகைய மேடைகளில் ஆண்டுக்கணக்கில் பரிசு வாங்கிப் பழகிய கை, அடுக்குமொழியையும் கைதட்டலுக்கான நிறுத்தத்தையும் கற்றுக்கொள்கிறது. தன் தெருவைப் பார்க்கும் கண்ணை அது கற்றுத் தருவதில்லை. பிரதமரின் யுவா திட்டம் தரும் மூன்று லட்ச ரூபாய், இந்தியாவில் இளம் எழுத்தாளர்க்குக் கிடைக்கும் பெரிய தொகைகளுள் ஒன்று. ஆனால் விடுதலைப் போராட்டம், மக்களாட்சி என்று பதிப்புக்குப் பதிப்பு பொருள் வரையறுக்கப்படுவதால், தன் சொந்தப் பொருளோடு வரும் புனைகதையாளருக்கு அந்த வாசல் குறுகலானது.

புரவலர் மரபுக்கு எப்போதும் இந்த நிழல் உண்டு. ஆற்றுப்படைப் பாணன் பரிசிலுக்காகப் புகழ் பாடினான். சிற்றரசர்களும் சமீன்தார்களும் அதையே எதிர்பார்த்தனர். பின்னாளில் பத்து ஆண்டுகளைப் புதுச்சேரியில் கழித்த பாரதி, 1897ஆம் ஆண்டு சனவரியில், பதினான்கு வயதில், தம் படிப்பைத் தொடர உதவி கேட்டு எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுள் வடிவில் விண்ணப்பம் எழுதினார். இன்று கிடைக்கும் அவருடைய மிகத் தொடக்கக்கால எழுத்துகளுள் ஒன்று ஓர் உதவித்தொகை விண்ணப்பம் என்பது, இத்துறையில் சிந்திக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. பின்னாளில் பெருங்கவிஞராக வளர்ந்தவர், சிறுவனாக ஒரு மன்னனிடம் கையேந்தும் நிலையில் இருந்தார்.

புகழ்ச்சியைக் கேட்காத ஆதரவுக்கும் நம்மிடமே சான்று உண்டு. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்கும் அவருடன் பயின்றோர்க்கும் திருவாவடுதுறை ஆதீனம் உணவும் உறைவிடமும் பாடம் கேட்கக் காலமும் அளித்தது. அந்த மாணவர்தான் 1889இல் பத்துப்பாட்டை உரையோடு அச்சேற்றினார். மடத்தில் சாப்பிட்டுப் படித்த ஒருவரால்தான், வழியில் சோறு கிடைக்கும் என்று சொன்ன, நல்லியக்கோடனைப் பற்றிய பாட்டு அச்சில் நம் கைக்கு வந்து சேர்ந்தது.

பெட்டிச் செய்தி 2: கடலுக்கு அப்பால்

• அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் 1950இல் சேர்ந்த சில்வியா பிளாத், நாவலாசிரியர் ஆலிவ் ஹிக்கின்ஸ் புரௌட்டி நிறுவிய உதவித்தொகையில் படித்தார். ஓர் எழுத்தாளர் தம் வருவாயிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செய்த ஏற்பாடு அது.

• மேரிலாண்டின் வாஷிங்டன் கல்லூரியில், எழுத்தாளர் சோஃபி கெர் விட்டுச்சென்ற சொத்தின் வருவாயில் பாதி, ஆண்டுதோறும் பட்டம் பெறும் மாணவருள் எழுத்தில் மிகுந்த நம்பிக்கை தருபவர் ஒருவருக்கு 1968 முதல் வழங்கப்படுகிறது. பல ஆண்டுகளில் தொகை 60,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. மறுபாதி, உதவித்தொகைகளுக்கும் நூல்களுக்கும் எழுத்தாளர்களை அழைப்பதற்கும் செலவாகிறது.

• அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. 1945இல் இதழியல் படிக்க உதவித்தொகையோடு அங்கு வந்த ஃபிளானரி ஓ’கானர், பட்டறைக்கு மாறிப் புனைகதையாளரானார்.

• ஸ்டான்ஃபோர்டின் ஸ்டெக்னர் நல்கை இரண்டு ஆண்டுகளுக்குரியது. பட்டம் தருவதில்லை, எழுதுவதற்குக் காலம் தருகிறது.

வாசிக்க ஒருவர்

தொகைக்கு இணையாக மாணவருக்கு வேண்டியது, எழுதியதைப் பொறுமையாக வாசித்து, எங்கே பொய் சொல்கிறது என்று காட்டும் ஒரு வாசகர். அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், தம் மாணவர்களைக் கொண்டு சாதி பற்றிய அனுபவங்களை எழுதச் செய்து, ‘சாதியும் நானும்’ என்ற தொகுப்பாக 2013இல் கொண்டுவந்தார். பின்னர் அது ஆங்கிலத்துக்கும் சென்றது. பட்டறைக்கட்டணமோ சிறப்பு நிதியோ பெரிதாக இல்லாமல், ஓர் ஆசிரியரின் வாசிப்பும் நம்பிக்கையும் மட்டும் இருந்தாலே, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தங்கள் வீட்டைப் பற்றி உண்மையாக எழுத முடியும் என்பதை அந்நூல் மெய்ப்பித்தது. அத்தகைய ஆசிரியர் ஒவ்வொரு கல்லூரியிலும் வாய்ப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. வாய்க்காத இடத்தில் அந்த வாசகரை ஏற்பாடு செய்வது திட்டத்தின் கடமை.

பெரிய முதலியார்சாவடி மாணவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தெற்கே சில கிலோமீட்டரில் பாரதியும் பாரதிதாசனும் வாழ்ந்த, பிரபஞ்சன் பிறந்த புதுச்சேரி. வடக்கே சில கிலோமீட்டரில், காலாப்பட்டில், சுப்பிரமணிய பாரதி தமிழியற்புலத்தைக் கொண்ட மத்தியப் பல்கலைக்கழகம். மேற்கே பன்னாட்டவர் வாழும் ஆரோவில். ஆனால் ஊர் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால், புதுவை அரசின் கல்வி உதவிகள் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளோ திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வானூர்ப் பக்கத்திலும் சிதறிக் கிடக்கின்றன. இலக்கியத்தின் நடுவில் இருந்துகொண்டே நிர்வாகத்தின் ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர்.

விதியை வளைத்து நல்லது செய்ததற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையே சான்று. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கி. ராஜநாராயணனை, 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து, நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியில் அமர்த்தியது. அறுபது வயதைக் கடந்த கரிசல்காட்டு உழவரிடம் தகுதிச் சான்று கேட்காமல் எழுத்தையே சான்றாகக் கொண்ட பெருந்தன்மை, பதினெட்டு வயது மாணவர் ஒருவரிடம் காட்டப்படுவதற்கு எந்த இலக்கணமும் தடையில்லை.

ஒரு கணக்கு

செலவு பெரிதா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். தமிழகத்தின் 38 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஐந்து மாணவர் என்று ஆண்டுதோறும் 190 பேரைத் தேர்ந்து, இளங்கலையின் மூன்று ஆண்டுகளும் மாதம் 5,000 ரூபாய் வழங்குவதாகக் கொண்டால், முதல் ஆண்டில் ஆகும் தொகை 1 கோடியே 14 லட்சம். மூன்று அணிகளும் சேர்ந்து பயிலும் நிலையில் ஆண்டுக்கு 3 கோடியே 42 லட்சம். வாசிப்பவர்களுக்கான மதிப்பூதியத்தைச் சேர்த்தாலும், ஒரு மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இது கடுகளவு.

தொகையைவிடத் தேர்வு முறையே கடினமான பகுதி. ஒரே நாள் போட்டிக்கு மாற்றாக, மாணவர் முன்பே எழுதிய இருபது பக்கப் படைப்புத் தொகுப்பைப் பெயர் மறைத்து மூவர் வாசிப்பதும், மூவருள் ஒருவராவது அந்த மாவட்டத்து மொழி அறிந்தவராக இருப்பதும் பொருத்தமானது. செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் கவிதை எழுதித் தரும் காலத்தில் அனுப்பப்படும் தொகுப்பை மட்டும் நம்ப முடியாது என்பது நியாயமான ஐயம். ஆகவே இறுதிச் சுற்றில் மாணவரை நேரில் அழைத்து, அவருடைய படைப்பைப் பற்றி அவரோடே ஒரு மணி நேரம் உரையாடுவது தேவைப்படும். தன் கதையில் வரும் பாட்டி ஏன் அந்தச் சொல்லைச் சொன்னாள் என்பதை எழுதியவரால் விளக்க முடியும்.

உதவி பெறுபவரிடம் கேட்கத்தக்க நிபந்தனைகள் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இரு முறை புதிய எழுத்தைத் தமக்கென அமர்த்தப்பட்ட வாசகரிடம் தருவது ஒன்று. தமிழ்த் துறையில்தான் பயில வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்பது மற்றொன்று, ஏனெனில் வேதியியலோ வணிகவியலோ படிக்கும் மாணவரிடமிருந்தும் நாவல் வரும். கருப்பொருள், கட்சி, கொள்கை எதையும் கேட்கக் கூடாது. மூன்று ஆண்டு முடிவில் நூல் வெளிவந்தாக வேண்டும் என்று நெருக்குவதும் தீங்கே. கடலிலிருந்து ஏற்றிய நீரை நேரே கடைசிப் பாத்தியில் விட்டால் உப்பு விளைவதில்லை என்பது மரக்காணத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணம் பெற்றவர்களுள் பலர் எழுத்தாளராகாமல் போவர். நல்ல ஆசிரியராக, செய்தியாளராக, கூர்ந்த வாசகராக ஆவர். அது நட்டக்கணக்கில் எழுதப்பட வேண்டியதன்று.

கதவும் சாவடியும்

சிறுபாணாற்றுப்படையின் பாணன் வீட்டார் உப்பில்லாக் கீரையை உண்பதற்குக் கதவை அடைத்துக்கொண்டனர். இன்றைய உதவித்தொகைகள் பலவும் முதலில் அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்கின்றன. எழுத்துக்கான உதவி இந்த வரிசையை மாற்றி, எழுத்தை முதலில் வாசித்து, வறுமையைப் பிறகு, அதுவும் ஓசையின்றி, தீர்ப்பதாக இருக்க வேண்டும். அப்பாட்டு கற்பிக்கும் மற்றொன்று, வழி சொல்பவன் வள்ளலோ அதிகாரியோ அல்லன், தானும் அண்மையில் பசித்திருந்த இன்னொரு பாணன் என்பது. திட்டம் ஒன்று வருமாயின், அதில் பயன்பெற்ற மாணவர் தம் பழைய பள்ளிக்கு ஆண்டுக்கொரு முறை சென்று, எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைக் கண்டு வழி சொல்லிவிட்டு வருவதே அதன் கடைசி நிபந்தனையாக அமையலாம்.

சாவடி என்பது வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கவும் இரவு தங்கவும் சாலையோரத்தில் அமைக்கப்பட்ட இடம். இக்கரையில் பெரியதும் சின்னதுமாக இரண்டு முதலியார்சாவடிகள் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டன. தங்க வருபவர் சேரவேண்டிய ஊரைச் சேர்வாரா என்று எந்தச் சாவடியும் கேட்டதில்லை. நடப்பவர் இளைப்பாற வேண்டும் என்பது மட்டுமே அதைக் கட்டியவர் அறிந்திருந்தது.